கைக்கு அடக்கமான துப்பாக்கி

ஹாலோவே, மொன்டானா
மார்ச் 3, 2011

ஆர்லீன் அவர்களுக்கு,

'அம்மா' என்றுதான் எழுத வருகிறது. டேரலைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து உங்களை அப்படித்தான் கூப்பிட்டேன். கோர்ட்டில் சர்ச்சுக்குப் போடும் நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தீர்களே, அன்றோடு அந்தச் சொல்லை மடித்து வைத்துவிட்டேன். அதனால் பெயர் சொல்லி எழுதுகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள், அல்லது வேண்டாம்.

போனில் கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். முடியவில்லை. பேசுவதற்கு முன்னால் நீங்கள் ஒரு மூச்சு இழுப்பீர்கள். அதே மூச்சைத்தான் அவனும் இழுப்பான். கிறிஸ்துமஸுக்கு ஒரு போன் வந்து உடனே வைக்கப்பட்டதே, அது ராங் நம்பர் இல்லை. வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அந்த மூச்சைக் கேட்டதும் வைத்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். டேரலை ஏப்ரலில் விடப்போகிறார்கள். ஜெயிலிலிருந்து எனக்குத் தாள் வந்திருக்கிறது. என்னை அவன் நெருங்கக் கூடாது என்று நீதிபதி எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன். டேரலைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? காகிதத்துக்குப் பயப்படுகிறவனா அவன்? இந்த மாவட்டம் முழுக்க ஷெரிஃபுக்கு ஒரே ஒரு உதவியாளர்தான். அவரும் பாதி நாள் யாராவது ஓட்டிக்கொண்டு போன மாட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு ஒரு கைத்துப்பாக்கி வேண்டும். வாழ்நாளில் நான் தொட்டதில்லை. எதை வாங்குவது என்று சொல்லுங்கள்.

உங்களிடம் போய் இதைக் கேட்பது அநியாயம் என்று தெரிந்துதான் கேட்கிறேன். இங்கே கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த ஆள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வாங்க மேடம், அவருக்குத் தெரியும் எது சரியா இருக்கும்னு" என்றான். காருக்குள் வந்து உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு அழுகையாக மாறிய பிறகும் நிற்கவில்லை.

கராஜ் கதவில் வைத்து அவன் நசுக்கிய இடது மணிக்கட்டில் இன்னும் தகடு இருக்கிறது. ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திருக அந்தக் கைக்குப் பலம் இல்லை. அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஷானா

~

சேஜ் கிரீக், மொன்டானா
மார்ச் 11, 2011

ஷானா கண்ணு,

உன் கடிதத்தை மைக்ரோவேவ் மேல் வைத்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதில் எழுதக் கூடாது என்று முடிவு செய்தேன். பிறகு எழுதலாம் என்றேன். இப்போது எழுதுகிறேன். என்ன மாதிரி பொம்பளை நான் என்று எனக்கே தெரியவில்லை.

கோர்ட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் அந்தப் பேச்சே வேண்டாம். அந்தப் பக்கத்துப் பெஞ்சு முழுக்கக் காலி. நான் உட்காராவிட்டால் வேறு யார் உட்காருவார்கள்? கையில் கட்டோடு எதிரில் நீ இருந்தாய். உன்னைப் பார்க்க முடியாமல் நான் பையிலிருந்த சாக்லெட் தாளை மடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் என் வீரம்.

சரி, துப்பாக்கி. அந்தக் கவுண்டர்காரனை என்னிடம் அனுப்பி வை, காதைத் திருகி அனுப்புகிறேன். பியர்ன்ஸ்டட் கடையில் துப்பாக்கி விற்கிற நான் இந்தக் கூத்தைத் தினமும் பார்க்கிறேன். பெண்டாட்டிக்குத் துப்பாக்கி வாங்க வரும் மகராசர்கள் தொப்பி வாங்குகிற மாதிரிதான் வாங்குவார்கள். போன வாரம் ஒருத்தர் வந்தார். "ரோஸ் கலர்ல பிடி போட்டது இருக்கா?" என்றார். "இருக்கு, ரிப்பன் கட்டித் தரேன். உங்க வீட்டம்மா அதைக் கேக் வெட்ட வச்சுக்கட்டும்" என்றேன். முதலாளி உள்ளே கூப்பிட்டுத் திட்டினார்.

பின்பக்கத்தைப் பிடித்து இழுத்துச் சுடுகிற பிஸ்டல் உனக்கு வேண்டாம். அதற்கு இரண்டு கைக்கும் வலு வேண்டும். உருளை சுழல்கிற ரிவால்வர் வாங்கு. சின்னதாக, குட்டைக் குழலோடு, லேசான உலோகத்தில் செய்தது கிடைக்கும். ஐந்து தோட்டா பிடிக்கும். உன் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், ஏப்ரன் பையில் போட்டால் இருப்பதே தெரியாது. பள்ளிக்கூடச் சமையலறையில் நாள் முழுக்கக் குண்டான் தூக்குகிற உனக்கு இன்னொரு பாரம் எதற்கு? பெண்கள் எல்லாரும் அதைத்தான் வாங்குகிறார்கள்.

பையில் இருக்கிறது என்ற தைரியமே பாதி காவல். மீதிப் பாதிக்கு வேலை வராது என்று நம்புவோம்.

அவன் எனக்கு எழுதுகிறான். குடியை விட்டுவிட்டானாம், ஜெயிலில் பைபிள் வகுப்புக்குப் போகிறானாம். நீ நம்ப வேண்டாம். நான் நம்பாமல் என்ன செய்வது, சொல்லு.

ஆர்லீன்

~

ஹாலோவே
மார்ச் 27, 2011

ஆர்லீன்,

நீங்கள் சொன்னதையே வாங்கினேன். அழகாகத்தான் இருந்தது. ஊருக்கு வெளியே சரளைக் குழியில் பெவ் என்று ஓர் அம்மாள் பெண்களுக்குச் சுடப் பழக்குகிறார். முன்பு ஷெரிஃப் ஆபீசில் இருந்தவர், வாய் உங்களை மாதிரியே. சனிக்கிழமை அங்கே போனேன்.

முதல் குண்டுக்கே உள்ளங்கையில் யாரோ சுத்தியலால் அடித்த மாதிரி இருந்தது. விசையை இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கிறது, அது வெடிப்பதற்குள் கை ஆடிவிடுகிறது. எங்கள் சாப்பாட்டு மேஜை நீளத் தூரத்தில்தான் காகிதத்தை மாட்டியிருந்தார். ஐந்தில் ஒன்றுகூட அதில் படவில்லை. ஐந்தாவதைக் கண்ணை மூடிக்கொண்டு சுட்டேன். கட்டை விரல் அடியில் தோல் கிழிந்துவிட்டது.

பெவ் அதை வாங்கி எடை பார்ப்பது மாதிரி கையில் தூக்கிப் பார்த்தார். "யாரும்மா இதை உன் தலையில கட்டினது?" என்றார். துப்பாக்கி விற்கிறவர் ஒருவர் சொன்னது என்றேன். "லேசா இருக்கிற துப்பாக்கிதாம்மா முரட்டுத்தனமா உதைக்கும். அந்த உதையை வாங்கிக்க அதுல இரும்பே கிடையாது, எல்லாம் உன் கைக்குத்தான் வரும். பல வருஷம் சுட்டவங்களே இதுல குறி வைக்கத் திணறுவாங்க. இதைச் சொன்னவங்களுக்கு ஒண்ணு துப்பாக்கி தெரியாது. இல்லேன்னா நீ குறி தப்பணும்னு ஆசை."

உங்களுக்குத் துப்பாக்கி தெரியாதா ஆர்லீன்?

கல்யாணத்துக்கு முந்தின கோடையில் அதே கடையில், உங்கள் கவுண்டருக்குப் பக்கத்துத் துணிப் பிரிவில் நின்று நான் சட்டை மடித்தேன். மறந்துவிட்டீர்களா? ஒரு பண்ணைக்காரர் இதே ரகத்தைத்தான் கேட்டார். "முதல் நாள் சுட்டதும் உங்க சம்சாரம் இதை அலமாரியில போட்டுப் பூட்டிடும். அப்புறம் அடுத்த தடவை வெளிய எடுக்கிறது அவங்க செத்தப்புறம் துணி ஒழிக்கும்போதுதான்" என்று சொல்லி அவருக்கு விற்கவே மாட்டேன் என்றுவிட்டீர்கள். அவர் கோபித்துக்கொண்டு போனார். எனக்கு அன்றைக்கு உங்களைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. இந்த வீட்டுக்கா வாழப் போகிறோம் என்று சந்தோஷப்பட்டேன்.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். உங்களை அந்த வரிசையில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று எழுதுங்கள், நம்பிவிடுகிறேன்.

ஷானா

~

சேஜ் கிரீக்
ஏப்ரல் 4, 2011

ஷானா,

தெரிந்துதான் சொன்னேன்.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டுப் போய் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தேன். இதோ வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னிடம் ஒரு துப்பாக்கி இருக்க வேண்டும், அது சத்தம் போட வேண்டும், அதைக் கேட்டு அவன் ஓட வேண்டும். அதற்கு மேல் எதுவும் நடக்கக் கூடாது. இப்படி ஒரு துப்பாக்கி உலகத்தில் இல்லை என்று எனக்குத் தெரியாதா? அடுத்தவளுக்கு விற்கும்போது தெரிகிறது. உனக்கு எழுதும்போது பேனா அந்தப் பக்கம் போகவில்லை. நீ சாகட்டும் என்று நான் நினைக்கவில்லை கண்ணு. கர்த்தர் மேல் ஆணை. நான் நினைத்ததெல்லாம் அவன் சாகக் கூடாது என்பதுதான். இரண்டும் ஒன்றேதான் என்று உன் கிழிந்த கைத்தோலைப் பற்றிப் படித்தபோதுதான் உறைத்தது.

இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன். கேட்டுக்கொள்.

அந்தச் சனியனைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடு. அழகுக்கு வாங்காதே, அடக்கத்துக்கு வாங்காதே. முழு இரும்பில் செய்த ரிவால்வர் கேள். குழல் உன் நடுவிரல் நீளம் இருக்கட்டும், அதற்குக் குறைய வேண்டாம். ஆறு தோட்டா. தூக்கினால் ஒரு நல்ல வாணலியைத் தூக்குகிற மாதிரி கனக்க வேண்டும், அந்தக் கனம்தான் உதையைத் தின்னும். முப்பத்தெட்டு என்று சொல்கிற தோட்டாவே போதும், அதற்கு மேல் பெரிதாக விற்கப் பார்ப்பார்கள், வாங்காதே. பிடி ரப்பரில் இருக்கட்டும். பிடித்துப் பார், சுட்டுவிரலின் முதல் மடிப்புக்கு முன்னால் விசை நிற்க வேண்டும். எட்டிப் பிடிக்கிற மாதிரி இருந்தால் அது உன்னுடையது இல்லை. பழையதாக இருந்தால் இன்னும் நல்லது, விசை இளகியிருக்கும். பெவ் சொல்கிறபடி கேள், அந்த அம்மாளுக்கு விஷயம் தெரிகிறது.

சத்தம் கேட்டால் வீட்டுக்குள் அவனைத் தேடிக்கொண்டு போகாதே. வாசலில் நின்று கத்தினால் கத்தட்டும், கதவைப் பூட்டிவிட்டு ஷெரிஃபைக் கூப்பிடு. உள்ளே வந்தால், போ என்று சத்தமாகச் சொல்லு. போகாமல் உன் மேல் வந்தால் மட்டும்தான். அப்போது பயமுறுத்தச் சுடாதே. காலில் சுடுகிறேன், கையில் சுடுகிறேன் என்பதெல்லாம் சினிமா. நெஞ்சுக்கு நடுவில்.

இதைக் கவுண்டரில் எத்தனையோ பெண்களிடம் சொல்லியிருக்கிறேன், டூத் பேஸ்ட் விற்கிற மாதிரி. சளி பிடித்தால் அந்த நெஞ்சில் நான் விக்ஸ் தேய்ப்பேன் ஷானா. "கூசுதும்மா" என்று நெளிவான்.

இனிமேல் என்னிடம் துப்பாக்கியைப் பற்றி எதுவும் கேட்காதே. தெரிந்ததையெல்லாம் கொடுத்துவிட்டேன்.

ஆர்லீன்

~

ஹாலோவே
ஏப்ரல் 19, 2011

ஆர்லீன்,

கேட்காதே என்றீர்கள். இது கேள்வி இல்லை, நன்றி.

அடகுக் கடையில் கிடைத்தது. யாரோ ரிட்டயரான போலீஸ்காரருடையது, ஓரமெல்லாம் கறுப்பு தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது. பெவ் வெற்று உருளையோடு விசையை இழுத்துப் பார்த்துவிட்டு, "வெண்ணெய்!" என்றார். முதல் ஆறில் நான்கு காகிதத்தில் விழுந்தன. போன சனிக்கிழமை ஆறும் விழுந்தன, அதுவும் ஒரு காப்பித் தட்டால் மூடிவிடலாம் போல நெருக்கமாக. பெவ் அந்தக் காகிதத்தைச் சுருட்டி, "மாமியாருக்கு அனுப்பு, ஃபிரேம் போட்டுக்கட்டும்" என்றார். எதை வாங்குவது என்று மாமியார் எழுதினார் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தேன், யாருக்குப் பயந்து என்று சொல்லவில்லை. காகிதத்தைக் குழியிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த நாற்காலியை எடுத்து மேஜையருகே போட்டிருக்கிறேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

அவன் வெளியே வந்துவிட்டான் என்று ஜெயிலிலிருந்து சொன்னார்கள். உங்கள் வீட்டில்தான் இருப்பான். அங்கே இருக்கட்டும், நன்றாகச் சாப்பிடட்டும். நான் கெட்டதை நினைக்கவில்லை.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். என்னிடம் துப்பாக்கி இருப்பது அவனுக்குத் தெரியுமா?

ஷானா

~

சேஜ் கிரீக்
ஏப்ரல் 27, 2011

ஷானா,

தெரியும். நான்தான் சொன்னேன்.

மார்ச்சில் ஜெயிலுக்குப் பார்க்கப் போனேன். உனக்கு முதல் பதிலைத் தபாலில் போட்ட கையோடு. வெளியே வந்ததும் முதல் வேலை ஷானாவைப் போய்ப் பார்ப்பதுதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மன்னிப்புக் கேட்கப் போகிறானாம். அவன் மன்னிப்புக் கேட்கிற லட்சணம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவனை நிறுத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை. "அங்க போகாதடா, அவ துப்பாக்கி வாங்குறா" என்றேன்.

"அவளா? எதை வாங்குறா?" என்றான்.

சொன்னேன். நான் எழுதின அந்தக் குட்டி ரகத்தைத்தான் சொன்னேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். அவன் என் பிள்ளை இல்லையா, துப்பாக்கிகளுக்கு நடுவில் வளர்ந்தவன். "அந்தத் தகர பொம்மையா? அதை வச்சு அவளால களஞ்சியச் சுவத்தைக்கூடச் சுட முடியாது, அதுவும் களஞ்சியத்துக்குள்ள நின்னுக்கிட்டு!" என்றான். சிரித்தால் சின்ன வயசில் இருந்த மாதிரியே இருக்கிறது முகம். நானும் கூடச் சிரித்துவிட்டேன். ரொம்ப நாளாகிவிட்டது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து.

இப்போது வீட்டில் இருக்கிறான். வேலியைச் சரி செய்கிறான், காருக்கு எண்ணெய் மாற்றினான், மூன்று வேளையும் மேஜைக்கு வருகிறான். குடிக்கவில்லை. உன் பெயரை எடுப்பதில்லை.

நீ துப்பாக்கியை மாற்றியதை அவனிடம் சொல்லவில்லை. மாற்றச் சொன்னது யார் என்று கேட்பானே.

ஆர்லீன்

~

ஹாலோவே
மே 2, 2011

ஆர்லீன்,

சொல்லுங்கள். இந்தக் கடிதத்தைக் கீழே வைத்ததும் எழுந்து போய்ச் சொல்லுங்கள்.

என் கையில் இருப்பது பொம்மை என்று அவன் நம்புகிறவரை அவனுக்கு என் வீடு திறந்த வீடுதான். நான் சொன்னால் நம்ப மாட்டான். ஷெரிஃப் சொன்னால் வீம்புக்கே வருவான். துப்பாக்கி விஷயத்தில் அவன் உலகத்திலேயே ஒருத்தர் பேச்சைத்தான் கேட்பான், அது நீங்கள். "நல்ல துப்பாக்கி வச்சிருக்கா, நான்தான் சொல்லிக் குடுத்தேன், போனா செத்துருவே" என்று சொல்லுங்கள். உங்களை வெறுப்பான். வெறுக்கட்டும். உயிரோடு இருந்து வெறுக்கட்டும்.

எனக்கு அவனைச் சுட ஆசை இல்லை அம்மா.

ஷானா

~

சேஜ் கிரீக்
மே 5, வியாழன்

ஷானா கண்ணு,

அம்மா என்று எழுதியிருக்கிறாய். தெரிந்து எழுதினாயோ, கை தவறியோ, திருப்பிக் கேட்டுவிடாதே.

சொல்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன். நேற்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை அவன் முட்டைக்கு உப்பு போட்டுக்கொண்டிருந்தான். இரண்டாவது தடவை பின்படியில் உட்கார்ந்து என் தோட்டத்துப் பூட்ஸுக்கு அடி ஒட்டிக்கொண்டிருந்தான். "உன்னைக் கொல்ல எது சரியாக இருக்கும் என்று நான்தானடா உன் பெண்டாட்டிக்கு எழுதிக் கொடுத்தேன்" என்று ஒருத்தி தன் பிள்ளையிடம் எந்த நேரத்தில் சொல்வாள்? அதற்கு நல்ல நேரம் ஏது?

அவனுக்கு இந்த உலகத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை. கூடப் படித்தவர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார்கள். மளிகைக் கடையில் அவனுக்கு முன்னால் நின்ற பெண் குழந்தையை மறுபக்கம் இழுத்துக்கொண்டாள். ராத்திரி சாப்பிடும்போது, "நீ ஒருத்திதாம்மா என் கட்சி" என்கிறான். அந்தக் கட்சியில் நானும் இல்லை என்று தெரிந்தால் அவன் என்ன ஆவான் என்று பயமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பண்ணையில் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடுகிறார்கள். உதவிக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள், திரும்பி வந்த பிறகு அவனை மனிதனாக மதித்து வந்த முதல் அழைப்பு. காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்து அனுப்புகிறேன். நான் மாட்டிறைச்சி ரோஸ்டை அடுப்பில் வைத்துவிட்டுச் சர்ச்சுக்குப் போய் வருகிறேன். வேலை செய்து களைத்து, நாலு பேரிடம் சிரித்துப் பேசிவிட்டு, வயிறு நிறைந்து உட்கார்ந்திருப்பான். அப்போது சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு வரைக்கும் பொறுத்துக்கொள்.

அம்மா

~

சேஜ் கிரீக்
மே 21, 2011

ஷானா,

அடக்கம் முடிந்துவிட்டது. நல்ல கூட்டம் இல்லை. சூடு போடக் கூப்பிட்ட பண்ணைக்காரர்கள் வந்தார்கள். அன்றைக்கு அவன் அங்கே போகவே இல்லை என்று அவர்கள்தான் சொன்னார்கள். நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நேராக உன் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறான். நான் சர்ச்சில் உட்கார்ந்து, எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ரோஸ்டை அடுப்பில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். ஷெரிஃப் வந்து கதவைத் தட்டும்போது வீடெல்லாம் அந்த வாசனை.

உன் மேல் வழக்கு இல்லை என்று அரசு வக்கீல் சொன்னார். சரி என்றேன். உன் மேல் என்ன தப்பு? போ என்று கத்தினாய், போகவில்லை. நான் எழுதினதை எழுதினபடி செய்தாய். ஆறு இருந்தும் ஒன்றுதான் சுட்டாயாம். நல்ல துப்பாக்கி.

உன்னை நான் வெறுக்கவில்லை. வெறுக்க முயற்சி செய்து பார்த்தேன். வெறுப்பு உன் வாசல்வரை போகிறது, அங்கே ஆளைக் காணாமல் திரும்பி என் வீட்டுக்கே வந்துவிடுகிறது. உன்னைப் பார்க்க மட்டும் என்னால் முடியாது. நீயும் வராதே.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவன் கடைசியாக என்ன சொன்னான்? ஷெரிஃபிடம் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்றார். பாதிரியாரும் அப்படியே. எல்லாரும் எனக்கு லேசானதாகவே கொடுக்கப் பார்க்கிறார்கள். அவன் முதல் வார்த்தையைக் கேட்டவள் நான், கடைசி வார்த்தையைக் கேட்டவள் நீ. அது எனக்கு வேண்டும். கெட்ட வார்த்தையாக இருந்தாலும் பரவாயில்லை. சாயம் பூசாமல் எழுது.

ஆர்லீன்

~

ஹாலோவே
ஜூன் 6, 2011

அம்மா,

அவன் எதுவும் சொல்லவில்லை என்று எழுதச் சொன்னார் பெவ். "பெத்தவ மனசும்மா, அதை விட்டுடு" என்றார். அப்படியே எழுதி உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். பிறகு கிழித்துவிட்டேன். நல்ல எண்ணத்தோடு நீங்கள் எனக்கு ஒரு பொய்யை எழுதினீர்கள், அது நம்மைக் கொண்டுவந்து விட்ட இடம் இது. இன்னொன்று வேண்டாம்.

நான் மேஜையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். பின்கதவைத் தோளால் இடித்தான், தாழ்ப்பாள் பெயர்ந்துவிட்டது. நான் எழுந்து அடுப்பு மேடைக்குப் பின்னால் போனேன். துப்பாக்கி கையில் இருந்தது, ஆனால் மேடைக்குக் கீழேயே வைத்திருந்தேன். தூக்கிக் காட்ட மனசு வரவில்லை. தூக்கினால் எல்லாம் முடிந்துவிடும் என்று இருந்தது. அதை மட்டும் நான் செய்யவில்லை. அதைத்தான் தினமும் நினைக்கிறேன். அவன் பார்த்திருந்தால் பொம்மை இல்லை என்று தெரிந்திருக்கும்.

குடித்திருந்தான். சட்டை சுத்தமாக இருந்தது. என் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தான், நீங்கள் கூப்பிடுவது போல 'ஷானா கண்ணு' என்று.

"நில்லு டேரல். போயிடு. என் கையில துப்பாக்கி இருக்கு" என்று கத்தினேன்.

சிரித்தான். "தெரியும்டி. அந்தத் தகர பொம்மைதானே. அம்மா சொன்னா."

"அது இல்ல. அதைத் திருப்பிக் குடுத்துட்டேன். இது வேற. சத்தியமா சொல்றேன், இது நல்ல துப்பாக்கி. எது வாங்கணும்னு உங்கம்மாதான் எழுதுனாங்க."

நின்றான். அம்மா, உண்மையாகவே நின்றான். என் முகத்தையே பார்த்தான். சிரிப்புப் போய்விட்டது. திரும்பிவிடுவான் என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் தலையை ஆட்டினான். கோபமாக இல்லை. ஏதோ நான்தான் பாவம், விவரம் தெரியாதவள் என்கிற மாதிரி ஆட்டினான்.

"பொய் சொல்லாத. எங்கம்மா எனக்கு அப்படிப் பண்ண மாட்டா" என்றான்.

சொல்லிக்கொண்டே என் மேல் வந்தான்.

ஷானா